குழி இரண்டு, பொருள் நாற்பத்தொன்று

லெபோ பாசாரின் பின்சந்தில்
சீக்கிரமே விடுதியாகப்போகிற கடைவீடு.
அதன் பழைய கழிவறைக் குழிக்குள்
காலை ஏழரைக்கே இறங்கிவிடுகிறான் செங் ஹுவாட்.
நான் மேலே, நீலக் கித்தானுக்குக் கீழே,
பிளாஸ்டிக் நாற்காலியில், பதிவேட்டோடு.
கொடுப்பதைக் கழுவுவேன், அளப்பேன், எழுதுவேன்:
எண், ஆழம், பொருள், நிலை.

யாரும் பூட்டிப் பாதுகாத்ததல்ல இது.
கைதவறி விழுந்தது, விழட்டும் என்று போட்டது,
இரண்டும் ஒரே நாற்றத்தோடுதான் வருகின்றன.

கோலிசோடா பாட்டில்கள் ஆறு.
ஆறுக்கும் கழுத்தில்லை. கோலி ஒன்றுகூட இல்லை.
எந்தப் பையன்கள் என்று தெரியாது, ஆனால்
ஆறு முறை உதை வாங்கியிருக்கிறார்கள்.

எலும்பில் செய்த பேன்சீப்பு. பல்லிடுக்கில்
ஈர் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.
டாக்டர் ஹஸ்லிண்டா பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு
முக்காட்டுக்கு மேலேயே தலையைச் சொறிந்தார்.
பிறகு நான் சொறிந்தேன்.
பிறகு குழிக்குள்ளிருந்த செங் ஹுவாட்டும்.
அவனிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்று, சோற்றுக் கிண்ணம்.
மட்டரக வெள்ளை, அவசரமாய்த் தீட்டிய ஒரு நீலப்பூ.
கவிழ்த்தால் அடிவட்டத்தில்
ஆணியால் கீறிய ‘வே’.
அதன்மேல் குறுக்காக, வேறு கையால்,
ஒரு சீன எழுத்து.

“இரண்டு மரம் நின்றால் லிம்.
ஒரு மரம்தான் தெரிகிறது” என்றான் செங் ஹுவாட்.
பத்துப் பதினைந்து பேர் ஒன்றாய்த் தங்கிய கூடம்,
அவரவர் கிண்ணத்துக்கு அவரவர் கீறல்,
கப்பலேறும்போது விற்றிருப்பான் என்றார் டாக்டர்.
“அடித்துப் பிடுங்கியது” என்றான் இவன்.
நான் எழுதினேன்: கீறல், இரண்டு.

வேலாயுதமோ, வேம்புவோ.
கீறும்போது ஆணி வழுக்கியிருக்கிறது.
கொம்பின் வால் விளிம்புவரை ஓடி
அங்கே திடுக்கென்று நின்றிருந்தது.

மாலை பெர்ரி. பட்டர்வொர்த். நாலாம் மாடி.
அரிசி களைய எடுத்த எவர்சில்வர் பாத்திரத்தை
இன்றைக்குத்தான் கவிழ்த்துப் பார்த்தேன்.
‘க. தனபாக்கியம் 14-9-87’
புள்ளிபுள்ளியாய்.

டெங்கிக் காய்ச்சலில் நான் கிடந்த வாரம்
எதிர்வீட்டிலிருந்து கஞ்சியோடு வந்தது.
வெறும் பாத்திரமாய்த் திருப்பக்கூடாதே,
பாயசம் வைத்துக் கொடுப்போம் என்று
நல்ல சேமியாவுக்குக் காத்திருந்தேன்,
பிறகு சம்பளத்துக்கு, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு.
அதற்குள் மகன் வேன் எடுத்துவந்து
கிள்ளானுக்கு அழைத்துப்போய்விட்டான்.
பதினோரு வருஷமாக
என் சோறு அவர் பெயரில்தான் ஊறுகிறது.

இந்த அடுக்குமாடி என்றாவது சரிந்து
இருநூறு வருஷம் கழித்து
யாராவது ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்தால்
அவளுக்குச் சந்தேகமே வராது:
இங்கே வாழ்ந்தவள் தனபாக்கியம்,
கல்யாணமானவள்,
எண்பத்தேழு செப்டம்பரில்.

என் பெயர் வெட்டிய பாத்திரம் எதுவுமில்லை.
கல்யாணச் சீருக்குத்தானே பெயர் வெட்டுவார்கள்.
எனக்கு எதற்கு வெட்டுவார்கள்?

மறுநாள் நாற்பத்தொன்றுக்கு நேரே,
‘நிலை: உடைந்தது’ என்பதன் கீழே,
பென்சிலால் எழுதினேன்: திருப்பித் தரவில்லை.

டாக்டர் விரல் வைத்து அர்த்தம் கேட்டார்.
சொன்னேன்.
“இதற்கு ஆதாரம்?”
“வீட்டில் இருக்கிறது, டாக்டர்.”
சிரித்தார். அழிப்பானை எடுத்தார்.
அழித்தது சரிதான், அவர் இடத்தில் நானும் அழித்திருப்பேன்.
அந்த இடத்தில் தாள் சற்று மெலிந்துபோயிருக்கிறது,
சாய்த்துப் பிடித்தால்
‘தரவில்லை’ மட்டும் தெரிகிறது.

கீழேயிருந்து கத்துகிறான் செங் ஹுவாட்:
நாற்பத்திரண்டு!
மூடி.
எதனுடையது என்று தெரியவில்லை.