வரிசைக்கு ஒரு பெட்டி

அர்தஷாத். ஜூன் இருபத்தாறு, விடிகாலை மூன்று மணி.
முப்பத்து மூன்று மரத்தட்டுகள்.
ஒவ்வொன்றின் காலிலும் கோதுமைக்கதிர் முத்திரை
இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
மரம் சூட்டில் வெந்தது, உள்ளே வண்டில்லை
என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.
ஒரு தட்டில் பாதி அழிந்திருக்கிறது.
லார்ஸ் சாவடியில் இருப்பவனுக்குப் பாதி போதாது.
மாற்று என்கிறேன்.
நோராய்ர் ஃபோர்க்லிஃப்டை அணைத்துவிட்டு
என் வம்சத்தைப் பற்றி ஏதோ முனகுகிறான்.
பிறகு மாற்றுகிறான்.

அந்தக் கணவாயை நான் பார்த்ததில்லை.
இந்த வாசலில் நின்றால் தெரியும் மலை வேறு.
அது மூடிய எல்லைக்கு அந்தப் பக்கம்,
அதற்கு யாரும் சுமை ஏற்றுவதில்லை.
நான் பதினோரு வருடமாகக் கட்டி அனுப்பும் மலை
எனக்குக் காகிதத்தில்தான் திரும்பி வரும்:
நனைந்த முத்திரை, டீக்கறை,
நான்கு நாள் சறுக்கிய தேதி.

மரத்திலேயே பழுத்த ஆப்ரிகாட்டை நான் வாங்குவதில்லை.
தோட்டக்காரர்களுக்குக் கோபம்.
இன்றைக்குத் தின்ன இல்லை ஐயா,
ஆறாம் நாள் காலை எங்கோ ஒரு கடையில்
ஒருத்தி விரலால் அமுக்கிப் பார்ப்பாள்,
அந்த விரலுக்குத்தான் இந்தப் பழம்.
வழி இரண்டு நாள்.
மிச்ச நான்கும் மலைக்கு.

ஊசி வெப்பமானியைச் சதையில் குத்துகிறேன். இரண்டு டிகிரி.
சிவப்புக் கோட்டுக்கு மேலே அடுக்காதே,
குளிர் நடந்துபோக இடம் வேண்டும்.
மூலைக்கு அட்டை. பட்டை. இறுக்கு.
இன்னும் ஒரு பல்.
ஏற்றத்தில் சுமை கதவில் சாயும்,
இறக்கத்தில் ஓட்டுகிறவன் முதுகைத் தேடி வரும்.
அகாசியின் முதுகில் ஏற்கெனவே
இரண்டு எலும்பு இடம் மாறியிருக்கிறது.

எடைமேடையில் நடு அச்சு நூற்றெண்பது கிலோ அதிகம்.
கட்டியதையெல்லாம் அவிழ்த்து
ஒரு தட்டைப் பின்னால் தள்ளி
மறுபடி கட்டுவதற்குள் விடிந்துவிட்டது.

சில்வா காகிதக்கட்டோடு வருகிறாள்.
பயிர்நலச் சான்று, நிகர எடை, பெட்டிக் கணக்கு.
ஓர் எழுத்துப் பிசகினால் ஒரு பகல் போச்சு.
சீல் எண்ணை நான் உரக்கப் படிக்க, அவள் எழுத,
டக்.
இனி இருபது டன்னில் ஒரு பழத்தைக்கூட
அதைச் சுமந்து போகிறவன் தொடக்கூடாது.

அதனால்தான் அந்தப் பெட்டி.
கழித்ததில் பொறுக்கியது:
தோல் வெடித்தவை, குளவி ருசி பார்த்தவை,
காத்திருக்கத் தெரியாமல் பழுத்துவிட்டவை.
எந்தப் பட்டியலிலும் இல்லாமல்
அகாசியின் இருக்கைக்குப் பின்னால், போர்வைக்குப் பக்கத்தில்.
யாருக்கு, என்று முதல் வருடம் கேட்டான்.
வரிசைக்கு, என்றேன்.

மூன்றாம் இரவு போன்.
சேறு இறங்கிப் பாதை மூடிக்கிடக்கிறதாம்.
அவனுக்கு முன்னால் இருநூற்றுப் பதினேழு லாரி,
நடந்துபோய் எண்ணியிருக்கிறான்.
குளிர் இயந்திரம் ஓடுகிறதா?
கேள், என்று போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்.
டீசல்?
எர்சுரும்காரன் ஒருவன், டைல்ஸ் ஏற்றி வந்தவன்,
முப்பது லிட்டர் ஊற்றினான்.
எவ்வளவு கேட்டான்?
கேட்கவில்லை. உன் பெட்டி காலி.

பின்னணியில் கல்லோடு கல் மோதியது.
கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்கிறார்களாம்,
கை விளக்கு வெளிச்சத்தில், ஐந்தாறு பேர்.
யார் மொழியும் யாருக்கும் சரியாக வரவில்லை.
போனை வைக்காமல் நின்றேன்.
அந்த மலையிலிருந்து நான் கேட்ட சத்தம்
இன்றுவரை அது ஒன்றுதான்.

ஏழு நாள் ஆகும் போலிருக்கிறது, என்றான் அகாசி.
ஆனால் அந்த விரல் கொஞ்சம் ஆழமாகவே இறங்கும்.
முற்றத்தில் அடுத்த வண்டி
பீப் பீப் என்று பின்வாங்கி வந்துகொண்டிருந்தது.
தோட்டத்துக்கு ஆள் அனுப்பினேன்:
நாளை இன்னும் பச்சையாகப் பறியுங்கள்.