பக்கம் 214

அகுரேரியில் ஜனவரி.
மூன்றரை மணிக்கே பொழுது முடிந்துவிட்டது.
கண்ணாடிச் சுவரில் பனி
மணலாய் உரசிக்கொண்டிருந்தது.
டிர்ஃபின்னா கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்து
மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.
"அறுநூற்றுப் பன்னிரண்டு" என்றாள்,
மலையிலிருந்து இறங்கிய ஆடுகளை
எண்ணி முடித்தவள்போல.

அத்தனையும் மேற்கோள்கள்.
காட் மீனின் காதுக்குள்
புளியங்கொட்டை அளவில் ஒரு கல் இருக்கிறது.
மரத்துக்கு வளையம்போல் அதற்கும்
ஆண்டுக்கு ஒன்று.
இருபத்திரண்டு வருடம் மீன் தொழிற்சாலையில்
தலைகளை வெட்டித் தள்ளியவள்,
நாற்பத்தாறு வயதில்
தள்ளிய தலைகளுக்குள் என்ன இருந்தது என்று
படிக்க வந்திருக்கிறாள்.

எனக்கு இருபத்தேழு வயது.
மென்பொருள் மக்கர் செய்தால்
என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அது நல்ல மென்பொருள்தான்.
ஒரு சொடுக்கில் கட்டுரையை விழுங்கும்,
தலைப்பு வேறு, ஆண்டு வேறு என்று முள் பிரிக்கும்,
காற்புள்ளியை வைக்கவேண்டிய இடத்தில் வைக்கும்.
ஆனால் குடும்பப் பெயர் கேட்கும்.
எங்களிடம் அது கிடையாது.
அப்பா பெயரோடு 'மகள்' என்று ஒட்டினால்
எங்கள் பெயர் முடிந்தது.
போன மாதம் அது
மகள் என்பதையே குடும்பப் பெயராக்கி
முன்பின் பார்த்திராத பதினேழு ஆய்வாளர்களை
ஒரே இரவில்
அக்கா தங்கைகளாக்கி வைத்திருந்தது.
அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆயிற்று.

இன்று வந்தது வேறு விஷயம்.
"இவரைப் பார்" என்றாள்.
ஓட்வார் ப்ரெக்கெ, 1968.
தொகுதி ஒன்பது, பக்கம் 214.
கடுங்குளிர் ஆண்டில் வளையம் மெலியும் என்று
முதலில் சொன்னவர்.
முப்பத்தொரு கட்டுரைகள் அவரைக் காட்டுகின்றன.
ஒன்றில்கூட
அவருடைய வாக்கியம் ஒன்றும் இல்லை.

நிலவறைக்குப் போனோம்.
ஒன்பதாம் தொகுதி இருந்தது,
முதுகில் உலர்ந்த பசையோடு.
புரட்டினாள்.
196. 197. 198.
பிறகு அட்டை.

எண்களை மாற்றிப் பார்த்தோம்.
124இல் வலை விற்கும் விளம்பரம்.
142இல் ஹெரிங் மீனின் கொழுப்பு.
241க்கும் 412க்கும்
புத்தகத்தில் காகிதம் இல்லை.
எட்டாம் தொகுதி, பத்தாம் தொகுதி,
ப்ரெக்கெ எங்கும் இல்லை.

யாரோ ஒருவர் ஒருமுறை பிழையாய்த் தட்டியிருக்கலாம்.
அடுத்தவர் அவரிடமிருந்து,
அதற்கடுத்தவர் அடுத்தவரிடமிருந்து.
பிறகு மென்பொருள் வந்தது.
யாரும் தட்டவே வேண்டியிருக்கவில்லை.
இல்லாத பக்கத்துக்கும்
சாய்வெழுத்து எவ்வளவு அழகாக விழுகிறது!

மாடிக்கு வந்தோம்.
அவள் அதை அழித்துவிடுவாள் என்று நினைத்தேன்.
குறிப்புப் பெட்டியைத் திறந்து
இரண்டு விரல்களால் தட்டினாள்:
'தேடினேன். தொகுதி 198இல் முடிகிறது.'
ஆய்வேட்டிலிருந்து மட்டும் எண் 88ஐ எடுத்தாள்.
பேருந்தில் ஒருவர் இறங்கியதும்
பின்னால் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்வதுபோல
89, 88 ஆனது,
90, 89 ஆனது,
கடைசிவரை ஒரு நொடி சலசலப்பு.

வாக்கியம் மட்டும் நின்றது,
மேல்சட்டை இல்லாமல் வெளியே வந்தவன்போல.
கடுங்குளிர் ஆண்டில் வளையம் மெலியும்.
யார் சொன்னார்?

"பெட்டியில் நாற்பத்தொரு கல் இருக்கிறது" என்றாள்.
"ஆய்வகச் சாவி யாரிடம்?"
பதிலுக்கு நிற்கவில்லை.
தானியங்கிக் கதவு இரண்டு தரம் திறந்து
ஒரு கைப்பிடி பனியை உள்ளே விட்டது.

ஒன்பதாம் தொகுதி இன்னும் என் மேசையில்தான்.
பக்கத்தில் அவள் மறந்துபோன ஒரு கல்,
குறுக்கே உடைந்த பாதி.
விளக்கை இழுத்து, கண்ணாடியைக் கழற்றி,
பென்சில் முனையால்
நடுவிலிருந்து எண்ணினேன்.

ஏழு.
மறுபடி எண்ணினால் எட்டு.