சும்மா

எங்கள் துறையில்
பாதை என்றால் தரையில் கிடப்பதல்ல.
காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே
ஆளையும் சைக்கிளையும் ஏற்றி
அங்கும் இங்கும் மிதக்கிற இரும்பு.
அது அக்கரை போய்ச் சேரும்வரை நின்றுவிட்டு
அதன் நுரையைக் குறுக்கே வெட்டிப் புறப்பட்டோம்:
நானும் அருளப்பரும்
பதினெட்டடி வள்ளமும்
ஒரு கான் தண்ணீரும்.
எஞ்சின் பிடி என் கையில்.
அவர் ஓட்டினால் கரையையே பார்ப்பார்.

பதிவுக் கொட்டிலில் நேவிப் பையன்
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
மீன். ஆள். சாமான்.
மூன்றே கட்டங்கள்.
"சும்மா" என்றேன்.
அவனுக்குத் தமிழ் அரைகுறை,
எனக்குச் சிங்களம் அதிலும் அரை.
சும்மாவைக் கையால் காட்டிப் பார்த்தேன்.
சிரித்துவிட்டு மீன் என்று எழுதினான்.
அரசாங்கத்துக்குப் பொய் சொல்லக்கூடாதென்று
அருளப்பர் தூண்டில் ஒன்றைக் கடலில் விட்டார்,
இரை குத்தாமல்.

பங்குனிக் கடல்.
சோளகம் எழும்ப இன்னும் நாள் கிடக்கிறது.
அடியில் சாதாளை ஒருபக்கமாய்ச் சாய்ந்து
வத்து எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

எழுவைதீவு தெரிகிற இடத்தில் முதல் வள்ளம்.
கடலில் ஒருவரும் பேர் கேட்பதில்லை.
"எத்தினை குதிரை?"
"பதினைஞ்சு."
"எண்ணெய் குடிக்குமே?"
"குடிக்கும்."
அதற்குப் பிறகுதான்
"என்ன அலுவல்?"
"சும்மா."
அந்த மனிதர் எஞ்சினை நிறுத்தி
வருத்தக்காரரைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தார்.
பிறகு ஒரு சோற்றுப் பார்சலை எறிந்தார்.
கடலட்டைப் பண்ணையில் ஒருவனுக்கு இன்று லீவாம்.
சூடை மீன் பொரியலும் இருந்தது.

நயினாதீவுக்கு வெளியே
எஞ்சின் இரண்டுதரம் விக்கி நின்றது.
கழற்றிப் பார்த்தால் பிளக் கரிக்கட்டி.
கோயில் மணி கேட்கும் தூரம்,
கூப்பிட்டால் கேட்காத தூரம்.

நெடுந்தீவிலிருந்து வந்தது ஒரு பெரிய வள்ளம்.
ஆறு ஆடு, வெறும் காஸ் சிலிண்டர்கள்,
கண்ணாடி உடையாமல் சாரம் சுற்றிய
கலியாண அலுமாரி ஒன்று.
ஓட்டி பழைய பிளக் ஒன்றைக் காற்சட்டையில் துடைத்துத் தந்தார்.
காசு நீட்டினேன்.
"காசு என்னத்துக்கு? இந்தக் கிடாய்
ஏறினதிலயிருந்து அலுமாரியை இடிக்குது.
மாவிலித்துறையில திருப்பி இறக்கிவிடுங்கோ."

அப்படித்தான் எங்களுக்கு ஒரு அலுவல் வந்தது.
கிடாய் அணியத்தில் நின்றது.
பாரைத் தாண்டும்போது
எங்கள் மூவரிலும் அதுதான் பயப்படவில்லை.
நெடுந்தீவுத் துறையில் இன்னொரு பையன்,
இன்னொரு படிவம்.
சாமான் என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினான்.

திரும்பும் பின்னேரம்,
நடுக்கடலில் ஒரு சின்ன வள்ளம்.
எஞ்சின் நிறுத்தியிருந்தது.
வலையில்லை, தூண்டில் இல்லை, ஆளேற்றவில்லை.
ஒருவர் பலகையில் சாய்ந்து
காலைத் தண்ணீரில் விட்டபடி.
எண்ணெய் முடிந்துபோச்சோ என்று கிட்டப் போனோம்.
இல்லை என்று தலையாட்டினார்.
என்ன அலுவல் என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.
கயிற்றை எறிந்தார்; கட்டினோம்.
பிளாஸ்கில் இருந்த பிளேன்டீ
மூடியில் ஊற்றி மூன்று பேருக்கும் முறை வந்தது.
இரண்டு வள்ளமும் மெல்ல முட்டிக்கொண்டன.
அருளப்பர் தூண்டிலைச் சுருட்டினார்.
முள்ளில் ஒரு கொத்துச் சாதாளை.
அதைப் பார்த்து அவர் மட்டும் சிரித்தார்,
கனநேரம்.

வெளிச்சவீடு மினுக்கத் தொடங்க அவிழ்த்தோம்.
பேர் கேட்க மறந்துவிட்டோம்.

எட்டுக் குதிரை.
பழைய யமஹா.
மூன்று இழுவைக்குப் பிறகு
ஒருதரம் இருமிப் பிடிக்கும்.
சில இரவுகளில் துறைப்பக்கமிருந்து
அந்த இருமல் கேட்டால்
அருளப்பரைத் தட்டி எழுப்புகிறேன்.
"அவர்தான்" என்கிறார்
கண் திறக்காமல்.