கட்டம்

மாஸ்டர் அலுவலகத்தில் மாஸ்டர் என்று யாரும் இல்லை.
டர்பன், மூன்றாம் மாடி, ஒன்பதாம் கவுன்ட்டர்.
செலே என்ற பெண்
சிஸ்டம் படுத்துவிட்டதால்
பேனாவால் எழுதுகிறாள்.

இறந்தவர்: தனபாலன் படையாச்சி.
உயில்: இல்லை.
பிள்ளைகள்: இல்லை.
மனைவி:
இங்கே பேனா நின்றது.
ரிஜிஸ்டர் செய்த சர்டிபிகேட் வேண்டும் என்றாள்.

எண்பத்தாறில், உம்கேனி ரோடு கோயிலில் கல்யாணம்.
நடத்தி வைத்த அய்யருக்கு லைசென்ஸ் கிடையாது.
அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம் என்றார் இவர்.
சாட்ஸ்வொர்த் வீட்டுக்குக் கூரை மாற்றியதும்,
ஷூ ஃபேக்டரி ஸ்ட்ரைக் முடிந்ததும்,
எனக்குக் கர்ப்பப்பை எடுத்து ஆறியதும்.
முப்பத்தெட்டு வருஷத்து அப்புறம்.

அவர் கட்டினார்.
நான் கட்டத்தில் ஒரு டிக் போட முடியாமல்
நிற்கிறேன்.

வேறு ஆதாரம்?
பையைத் திறந்தேன்.
சாண்ட்விச் வைக்கும் ஜிப் பைக்குள் தாலி.
பதினாறாம் நாள், பெண்கள் சுற்றி நின்று மறைக்க
கழற்றியது.
தொட்டால் விரலில் மஞ்சள் இன்னும் ஒட்டும்.
இனி மனைவி இல்லை என்று அவிழ்த்ததை
மனைவிதான் என்று காட்ட
இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்திருக்கிறேன்.

தங்கமா?
எட்டு கிராம்.
வாங்கியது?
அவர்.
அப்படியானால் இது அவர் சொத்தா என்றும் கேட்பார்கள்,
என்றாள். குத்திச் சொல்லவில்லை,
ஈரத் துணியை மடிப்பதுபோல் மெதுவாகத்தான் சொன்னாள்.
தாளில் ஆங்கிலத்தில் தாலி என்று எழுதினாள்.
எண்ணினேன். ஐந்தெழுத்து.
கும்பிடத் தோன்றவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்:
நீங்கள் மனைவி இல்லையென்றால்
வீடு யாருக்குப் போகுமோ
அவரே வந்து நீங்கள் மனைவிதான் என்று எழுதித் தந்தால்
நல்லது.

சவுந்தரன். ஒரே தம்பி.
யூனிட் பதினொன்றில் வாடகை.
மார்ச்சில் வேலை போனது, மூன்று பிள்ளைகள்.
கல்யாணத்தன்று பதினான்கு வயது அவருக்கு,
மணவறைக்கு வெளியே என் செருப்பைக் காவல் காத்தவர்.
சொன்னேன். டீ ஆறியது.
யோசிச்சுச் சொல்றேன் அண்ணி, என்றார்,
சொட்டும் குழாயைப் பார்த்தபடி.
எட்டு நாள் யோசித்தார்.
குறை சொல்ல மாட்டேன்.
நானாக இருந்தால் பத்து நாள் யோசித்திருப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனில் மீசை முளைக்காத கான்ஸ்டபிள்
மனப்பாடமாய்க் கேட்டான்.
எழுதியிருப்பது தெரியுமா, புரியுமா?
தெரியும்.
சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா?
இல்லை.
இது உங்கள் மனசாட்சியைக் கட்டுமா?

காணாமல் போனவர்களின் போட்டோக்கள் ஒட்டிய சுவரை
ஒவ்வொரு முகமாகப் பார்த்தார் சவுந்தரன்.
நீல நிறத் தொப்பிப் பையன்.
ஒரு கிழவர்.
பல் தெரியச் சிரிக்கும் பெண்.

கட்டும், என்றார்.

முத்திரை விழுந்த சத்தத்தில் நான்தான் பதறினேன்.
வெளியே வந்து எதையும் கேட்கவில்லை அவர்.
ஷாட் மீன் சீசன் வந்தாச்சு,
என்று மட்டும் கடல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் தம்பி இருவருமாய் விடிகாலையில் போவார்கள்.
நல்ல தூண்டில் இரண்டும் எங்கள் கராஜில்.
பட்டியலில் பதினாலாவது வரி.
மாஸ்டர் கடிதம் வரும்வரை
ஒரு ஸ்பூன்கூட வெளியே போகக் கூடாதென்று
செலே இரண்டு முறை சொல்லியிருக்கிறாள்.

புதன் இரவு கராஜைப் பூட்ட மறந்துவிட்டேன்.
சத்தியம் வைத்துக் கேட்டாலும்
மறந்தேன் என்றுதான் சொல்வேன்.

வியாழக்கிழமை, குழாயடியில்
நியூஸ்பேப்பரில் சுற்றிய ஷாட் இரண்டு,
கண் இன்னும் மங்காமல்.
செதில் எடுப்பது எப்போதும் அவர் வேலை.
கத்தி எங்கே வைப்பார் என்று தேடவே
வெகுநேரம் ஆனது.