மாதிரிக்கு ஒரு கண்

வூச் என்றால் படகு.
ஆறுகளை எல்லாம் நிலத்தடிக் குழாய்க்குள் அனுப்பிவிட்டு
பெயரை மட்டும் வைத்துக்கொண்ட ஊர்.
நவம்பரில் மூன்றரைக்கே விளக்குப் போட்டுவிடுவோம்.
அதற்குள் எனக்கு ஒரு வேலை
அகப்பட்டாக வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில்
ஹால்ஷ்கா அம்மையார் கணினியைத் தட்டினார்.
எங்கள் போலிஷில்
படம் வரைகிறவருக்கும்
சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவருக்கும்
ஒரே சொல்தான்.
"உட்புறமா, வெளிப்புறமா?"
கொஞ்சம் யோசித்து
உட்புறம் என்றேன்.
பொய் இல்லை.

பழைய நூற்பாலைக்குள் வீடியோ கேம் கம்பெனி.
தறி ஓடிய தரையில் புஸ்புஸ் மெத்தைகள்.
ஒரு நாளைக்கு எத்தனை வாள் வரைவீர்கள் என்றான் பையன்.
யார் கையில் இருக்கிற வாள் என்றேன்.
குறித்துக்கொண்டான்.
நல்லதாகத்தான் குறிக்கிறான் என்று நம்பினேன்.
"ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?"
ஐந்து வருடமாகக் கண்ணாடியில்தான் பார்க்கிறேன் தம்பி,
மாடலுக்குக் கொடுக்கக் காசில்லை.
இதைச் சொல்லவில்லை.
குழுவோடு வளர ஆசை என்றேன்.

கேக் கடையில் எழுதிக் காட்டச் சொன்ன பெயர்
ப்ஷெமிஸ்வாவ்.
சாண் அகலக் கேக்கில் அந்தப் பெயரை
எந்தத் தாய் வைத்தாளோ,
கடைசி எழுத்து விளிம்பு தாண்டித்
தட்டில் இறங்கிவிட்டது.
முதலாளியம்மா அந்தக் கேக்கை
என்னிடமே கட்டிக் கொடுத்தார்.
இரண்டு நாள் சாப்பாடு.

எங்கே போனாலும்
எல்லோர் விரலும் ஒரே வரியில் வந்து நிற்கும்:
"இந்த மூன்று வருடம், இடைவெளியா?"
நாற்பத்திரண்டு படம்.
கதவுக்குள் நுழையாமல்
ஜன்னல் வழியாக இறக்கியவை அதில் நான்கு.
ஆமாம், இடைவெளி
என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

கடைசியாகப் போனது
பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி,
செயற்கைக் கண் செய்யும் பட்டறை.
ஒத்திலியா என் காகிதங்களைக் கவிழ்த்து வைத்தார்.
"அவருடைய இடது கண்ணைப் பார்த்து
வலது கண்ணை வரையுங்கள்."
எதிரே பொகுமிவ்.
பதினொன்றாம் எண் டிராம் ஓட்டியவர்,
இப்போது டெப்போவில் சாவி கொடுக்கிறார்.
"இன்டர்வியூவா? நான் அசையாமல் இருந்தால்
உங்களுக்கு மார்க் கூடுமா?"

அடையாள அட்டையில் பழுப்பு.
கிட்டே போனால்
துரு, பாசி, பாவையைச் சுற்றி மங்கலாய் ஒரு மஞ்சள்,
ஏழு மணித் திசையில்
டீத்தூள் போல ஒற்றைப் புள்ளி.
வெள்ளை விழிக்கு நரம்பு என்பது
பிரித்தெடுத்த சிவப்பு நூலில் ஓர் இழை.
நூற்பாலை ஊரில் நூலுக்கா பஞ்சம்.

இரண்டு மணி நேரம்.
வேலை தருகிறவர்கள் யாரும்
இத்தனை நேரம் என்னைப் பார்த்ததில்லை.
இவருக்கும் வேறு வழி இல்லை, பாவம்.
நடுவில் அந்தக் கண் நிறைந்தது.
விளக்கு கூசுகிறது என்றார்.
தூரிகையைக் கீழே வைத்துக் காத்திருந்தேன்.
ஈரத்தை நான் வரைய வேண்டியதில்லை,
அது தானாக வந்து சேரும்.

ஒத்திலியா ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
"பாவை கொஞ்சம் பெரிது.
இருட்டில் வரைகிறவரா நீங்கள்?"
வியாழன் சொல்கிறோம் என்றார்.

வியாழன் போய் ஞாயிறும் போயிற்று.
டிராமில் எதிரே இருக்கிறவர்களை
முறைத்துக்கொண்டிருக்கிறேன்.
ஒருத்தி எழுந்து வேறு இடம் போய்விட்டாள்:
சாம்பல், இடது ஓரத்தில் பச்சை,
டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.

போன் அடித்தது.
கையுறையைப் பல்லால் இழுத்து எடுத்தேன்.
ஹால்ஷ்கா அம்மையார்.
அடுக்குமாடிப் படிக்கட்டுச் சுவர், நான்கு தளம்,
வெளிர் மஞ்சள், நாளைக் காலை ஆறு மணி,
தூரிகை சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.

உட்புறம்தானே
என்று கேட்டுவைத்தேன்.