இடமாற்ற விண்ணப்பம்

வலயக் கல்வி அலுவலகம் தந்த படிவத்தில்
ஒன்பதாம் கூடு: காரணம்.
தாயாரின் சுகவீனம் என்று எழுதினேன்.
அம்மா களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு
இன்றைக்கும் சைக்கிளில்தான் போகிறா.

பத்தாம் கூடு: பதிலீட்டு ஆசிரியர் உண்டா?
பேனை கொஞ்ச நேரம் நின்றது.
"விடுங்க மாஸ்டர்,
அது நாங்க நிரப்புறது" என்றார் எழுதுநர்.

கஷ்டப் பிரதேசச் சேவை மூன்று வருடம்.
இரண்டை ஹற்றனில் கழித்தேன்.
மூன்றாவது, ராகலைக்கு மேலே இந்த மேற்பிரிவில்.
நான் எண்ணிய அளவுக்கு
எந்தப் பிள்ளையும் இங்கே எண்ணியிருக்காது:
போயா விடுமுறைகள்,
ஒற்றை பஸ் ஏறி வராத நாட்கள்,
காலுறைக்குள் அட்டை ஏறிய நாட்கள் வேறாக.

கணிதப் புத்தகம் அரசாங்கம் தருவது.
ஒருவர் படித்து மற்றவருக்குப் போவது.
முன்பாதி விரல் பட்டுக் கறுத்து,
முனை மடிந்து, மழைக்கு ஊதி,
அட்டையை மூடவிடாமல் தள்ளும்.
பின்பாதி
அச்சகத்திலிருந்து நேற்று வந்ததுபோல்.
சில தாள்கள் இன்னும் வெட்டுப்படாமல்
ஒட்டியபடியே.

எனக்கு முன் வந்தவர் யாழ்ப்பாணத்தார், ஏழு மாதம்.
அவருக்கு முன் ஒரு டீச்சர், கலியாணம் வரைக்கும்.
அதற்கும் முன் ஒரு தொண்டராசிரியர்,
பெற்றோர் ஆளுக்கு இருநூறு ரூபா சேர்த்துக் கொடுத்து வைத்திருந்தவர்.
கொழுந்து குறைந்த மாதம் நின்றுவிட்டார்.
எல்லோரும் பின்னத்தில் தொடங்கினார்கள்.
பிள்ளைகளுக்கு அடிப்படை போதாது என்றார்கள்.
நானும் சொன்னேன்.
அரைப்பேர் விழுந்தால் மாதக் கணக்கில் எவ்வளவு குறையும்,
நிறுவைக்காரர் ஈரத்துக்கென்று
கிலோவில் எத்தனை பங்கு வெட்டுவார்,
இதையெல்லாம்
வாயால் சொல்லும் பிள்ளைகளுக்கு.

விண்ணப்பம் பற்றி யாருக்கும் சொல்லவில்லை.
லோஜிதா வந்து நின்றாள்.
"சேர், போறதுக்கு முந்தி
வட்டத்த முடிச்சிட்டுப் போங்க."

யார் சொன்னது நான் போகிறேன் என்று?

"ஒடஞ்ச கொடைக்கு நீங்க இன்னும் கம்பி போடல சேர்."

பள்ளி விட்ட பிறகு நின்றோம்.
மின்குமிழ் இரண்டில் ஒன்று எரிந்தது.
ஏழு பேரிடம் கவராயம்.
மற்றவர்களுக்குப் பால்மா டின் மூடி,
மருந்துப் போத்தலின் அடி,
ஒருத்தி தன் வளையலைக் கழற்றி வைத்தாள்.
விதுசனின் வட்டம் மட்டும்
ஒவ்வொரு நாளும் முட்டையாகவே வந்தது.
நாலரைக்குப் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடித்
தம்பியைத் தூக்க வேண்டும் அவன்.
கை அவசரத்தில்தான் சுற்றும்.

தொடலி என்று எழுதி
அதன் கீழே எழுதினேன்:
வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில்
தொட்டுச் செல்லும் நேர்கோடு.
எழுதி முடித்துத்தான் வாசித்தேன் அதை.
திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.
பின்னால் முப்பத்தொரு பென்சில்கள்
அக்கறையாக அதைப் பிரதி பண்ணும் சத்தம்.

கார்த்திகையில் கடிதம் வந்தது.
பத்தாம் கூட்டை
யாரோ எப்படியோ நிரப்பியிருக்கிறார்கள்.

கடைசி நாள் லோஜிதாவைக் கூப்பிட்டேன்.
"அடுத்து வாறவர் பின்னத்தில தொடங்குவார்.
எழும்பிச் சொல்லு.
இது எங்களுக்குத் தெரியும் சேர்,
நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில இருந்து
படிப்பியுங்க எண்டு சொல்லு. பயப்படாத."

தலையாட்டவில்லை அவள்.
புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.
"ஒங்ககிட்டயும் சொல்ல வந்தேன் சேர்."

தை மாதம், முதல் நாள், முதல் பாடம்.
மூன்றாம் வாங்கில் ஒரு கை எழுந்தது.
முதலில் கேள், பிறகு கதை என்று
கரும்பலகைப் பக்கம் திரும்பியபடியே
வெண்கட்டியை அசைத்து
அதைக் கீழே இறக்கியிருந்தேன்.