ஏழாவது மதகு

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
தக்காளி லாரி ஏறும், எண் துடிக்கும்,
நிற்கும். சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
மிச்ச நேரமெல்லாம்
'ஏழாவது மதகு'தான்.

தெரியாதவர்களுக்கு:
ஆறே மதகுள்ள ஓர் ஏரி.
ஏழாவது மதகுக்கு வந்த கடிதத்தோடு
தபால்காரர் காணாமல் போகிறார்.
தேடி வரும் அதிகாரியின் குடை
சித்திரை வெயிலிலும் சொட்டிக்கொண்டே இருக்கும்.
ஓர் எருமைக்கு இரண்டு நிழல்.
ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.
தொண்ணூற்று ஏழில், வியாழன் இரவு ஒன்பதரை,
பதினாறு வாரம் ஓடியது. பிறகு நிறுத்திவிட்டார்கள்.
சோப்புக் கம்பெனி கைவிட்டதாம்.

கடைசி வாரம், கடைசிக் காட்சி.
இருட்டில் கதவைத் திறந்து
தேவு சொல்கிறாள்:
"வெள்ளம் வந்து"
கறுப்பு. அவ்வளவுதான்.

தேவு எல்லைக்காரி. அங்கேதான் வினை.
இந்தப் பக்கத்துக் காதில் அது
ஊரை அடித்துப்போகிற வெள்ளம்;
வந்து, பிறகு என்ன ஆயிற்று? வாக்கியம் முடியவில்லை.
அந்தப் பக்கத்தில்
குடத்தில் பிடிக்கிற, கஞ்சிக்கு வைக்கிற
வெறும் தண்ணீர். வந்தது. முற்றுப்புள்ளி.

இருபத்தாறு வருஷமாகச் சொல்கிறார் நாச்சிமுத்து:
"மதகு உடைஞ்சுது. ஊரே போச்சு.
முன்னாடி பேசுனதெல்லாம் செத்தவங்க பேச்சு."
மண்டியில் கணக்கெழுதும் மனுஷன்,
குடையிலிருந்து விழுந்த சொட்டுகளை
எண்ணி வைத்திருக்கிறார்.

மருந்துக்கடையை மூடிவிட்டு வரும் பிரசீதா
ஸ்கூட்டரை நிறுத்தும் முன்பே சிரிப்பாள்.
"பைப்பில வெள்ளம் வந்நு, அத்ரேயுள்ளூ.
நாலு நாளா அந்த ஊர்ல தண்ணியில்ல,
எட்டாம் வாரம் பாக்கலியா?"

எட்டாம் வாரம் எங்களுக்குக் கரண்ட் இல்லை.
அவர்கள் பக்கம் இருந்தது.
அப்படி ஒரு வாரம் வந்ததென்றே
நாச்சிமுத்து இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த ஆடியில் மறுபடி வந்தது, போனில்.
ரசீதுக் கட்டின்மேல் சாய்த்து வைத்தான் ஹனீபா.
உள்ளங்கையளவு திரைக்கு நாலு தலை.
கணவாய்க் காற்று தகரத்தைப் பிய்த்தது.
அதே தேவு, நரைத்து. அதே கதவு.
இன்று வாக்கியத்தை முடித்துவிடுவாள்.

குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.
திருகினாள்.
ஒன்றும் வரவில்லை.
நின்றாள்.
ஒன்பது நிமிஷம்.
ஆறாவது நிமிஷம் நெட் போச்சென்று
ஹனீபா போனைத் தட்டினான்;
அவள் பின்னால் ஒரு முருங்கை இலை அசைந்தது.
நெட் இருந்தது.

"ஏமாத்து வேலை" என்று எழுந்து போனார் நாச்சிமுத்து.
"இவன் அந்த டைரக்டரே இல்ல. ஆளை மாத்திட்டானுக."
பிரசீதாவும் சிரிக்கவில்லை.
குழாயென்று இத்தனை வருஷம் சொன்னவளுக்குக்
குழாயே வந்தும் ஜெயித்த முகம் இல்லை.
"ஒரு சொட்டாவது விட்டிருக்கலாம்."

சொட்டு விழுந்தது என்றான் ஹனீபா,
எட்டாவது நிமிஷம், நாற்பதாவது நொடி,
குடத்துக்குள்ளே. அல்லாமேல் ஆணை.
திரும்பத் திரும்ப ஓட்டினான்.
அவன் லாரி மேடையிலேயே நிற்க,
பின்னால் நாலு வண்டி ஹார்ன்.

நீ என்ன சொல்றே என்றார்கள் என்னை.
எடைபோடுகிறவள் கட்சி சேரக் கூடாது என்றேன்.
எப்போதும் சொல்வதுதான்.

நாலேகாலுக்கு எல்லோரும் போயிருந்தார்கள்.
லைன் வீடுகளில் ஒரு பெண்,
தூக்கம் கலையாத குரலில்:
"வெள்ளம் வந்து…"
குடங்கள் உருண்டன. யாரோ யாரையோ திட்டினார்கள்.

மேடையில் வண்டி இல்லை.
எண் துடித்து
நாற்பது கிலோ காட்டியது, பிறகு எழுபது.
காற்றாக இருக்கும்.
கால்களை நாற்காலிமேல்
தூக்கி வைத்துக்கொண்டேன்.